ஒன்பது மணி இடைவேளை

ஸ்காபரோ

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தது உனக்குக் கோபமாக இருந்திருக்கும். வன்கூவர் ஹொக்கி அணி தோற்கும் இரவுகளில் மருமகன் இழவு வீட்டுக்காரரைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறார் என்றும், சமைத்த சாப்பாடு ஆறிப்போகிறது என்றும் சொல்லிவிட்டு, 1970இல் லீக்கில் சேர்ந்த நாள்முதல் ஒருமுறையும் வெற்றிக் கோப்பையைத் தொடாத அணியை ஒரு மனிதன் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தபடியால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏறக்குறைய இதே கேள்வியை முப்பது வருடங்களுக்கு முன்னர் நானும் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் சிரிப்பு வந்தது.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியைத் திட்டுகிறவளாகவே இருந்திருக்கிறேன். 1996ஆம் ஆண்டு தை மாதம் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, உறைந்த தண்ணீருக்கு மேல் ஆட்கள் ஓடுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. வந்த முதல் சனிக்கிழமை இரவு, ஒற்றை அறை அடுக்குமாடி வீட்டில், புதுப்பெண்டாட்டியை நாற்காலியில் இருத்திவிட்டு அப்பா நிலத்தில் சம்மணமிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் அவர் என்னுடன் பேசிய சொற்கள் பத்துக்கு மேல் இராது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கறுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று ஓடுகிறது, அது எங்கே போகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடவில்லை, இந்த மனிதனுக்கு என்னைவிட அது முக்கியமாக இருக்கிறது என்பவைதான்.

அவருக்கு அந்தப் பித்து பிடித்தது 1993இல். அப்போது நகரின் நடுவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. சமையற்கட்டில் வானொலி ஓயாமல் பாடும். அந்த வைகாசியில் பாட்டை நிறுத்திவிட்டு ஹொக்கி வர்ணனையை வைத்தார்களாம். 1967க்குப் பிறகு முதன்முறையாக இறுதிப் போட்டிக்குப் போக லீஃப்ஸ் அணிக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட, ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் வெய்ன் கிரெற்ஸ்கியின் மட்டை லீஃப்ஸ் வீரர் டக் கில்மோரின் மோவாயைக் கிழித்தது. நடுவர் தண்டனை கொடுக்கவில்லை, சற்று நேரத்தில் அதே கிரெற்ஸ்கி வெற்றிக் கோலை அடித்தார். இரண்டு நாள் கழித்து ரொறன்ரோவிலேயே நடந்த ஏழாவது ஆட்டத்தில் அவர் மூன்று கோல் போட, 5-4 என்று எல்லாம் முடிந்தது. சமையற்காரர் அழுதாராம். ஊர் பேர் தெரியாத அந்த மனிதர் அழுதபோது தனக்கும் தொண்டை அடைத்தது என்றும், இந்த நாட்டுக்கு வந்தபின் இன்னொருவருடைய கவலை தன் கவலையாக இருந்த முதல் நாள் அதுதான் என்றும் அப்பா ஒருமுறை சொன்னார். கிரெற்ஸ்கியின் பெயரைச் சொன்னால் இன்றும் அவர் முகம் மாறும்.

நான் ரசிகையானது அவர் சொல்லித் தந்து அல்ல. நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பின்னேரம் மூன்று மணி முதல் இரவு பதினொன்று வரை வேலை செய்தார், சனிக்கிழமைகளில் மேலதிக வேலையும் உண்டு. ஒன்பது மணிக்கு இடைவேளை விட்டதும், நடைபாதையில் இருந்த காசு போடும் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு எடுப்பார். ஆட்டத்தின் மூன்று இருபது நிமிடப் பகுதிகளில் அநேகமாக அந்த நேரத்தில் இரண்டாவது முடிந்திருக்கும். முதலில் எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் கேட்டார். திரையின் மூலையில் இருந்த இலக்கத்தை வாசித்துச் சொன்னேன். அடுத்த கிழமை கோல் யார் போட்டது என்று கேட்டார். அதற்கடுத்த கிழமை, எப்படி விழுந்தது, இடப்பக்கத்தாலா வலப்பக்கத்தாலா, கோல் காப்பாளருக்கு முன்னால் யாராவது மறைத்துக்கொண்டு நின்றார்களா என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார். காசு போட்டு எடுக்கிற மனிதனுக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு, மின்சாரக் கட்டணத் துண்டின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு பார்த்தேன்.

கண் பழகியது அப்படித்தான். பக் என்ற அந்தக் கறுப்புத் தட்டைத் துரத்தாமல் ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன்; ஐவரும் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்த்தால் பக் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தன் பாதியில் நின்றுகொண்டு பக்கை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சும்மா அடித்துத் தள்ளினால் அது ஐசிங், ஆட்டத்தைத் திரும்பத் தன் வாசலிலேயே தொடங்க வேண்டும். ஆனால் தண்டனையால் ஓர் ஆள் குறைந்து நிற்கும் அணிக்கு மட்டும் அந்த விதி இல்லை. மூச்சு வாங்குவதற்காக அவர்கள் எவ்வளவு தூரத்துக்கும் அடித்துவிடலாம். இந்த விதியை யார் எழுதினார்களோ, மனம் உள்ளவர்கள். இதை நான் தொலைபேசியில் சொன்னபோது, மறுமுனையில் அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீர் என்னைவிட நன்றாகப் பார்க்கிறீர்" என்றார். கல்யாணமாகி மூன்று வருடங்களில் அவர் என்னைப் பாராட்டிய முதல் வார்த்தை அது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று நினைத்துவிடாதே. மாமா வீட்டுச் சாமத்தியச் சடங்கின் நடுவில் எழும்பிப் போய், கார் தரிப்பிடத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆரத்தித் தட்டுடன் அவரைத் தேடி அலைந்தவள் நான். அன்றிரவு வீட்டுக்கு வந்து கடுமையாகவே கேட்டேன்: வென்றதை நீர் ஒருநாளும் காணாத இந்த அணியில் உமக்கு என்ன இருக்கிறது? அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்: "அங்கே தோற்றால் பிணம் விழும். இங்கே தோற்றால் ஒக்ரோபரில் மறுபடியும் தொடங்குவார்கள்." அதற்குமேல் அன்று நாங்கள் பேசவில்லை.

எங்கள் அணித்தலைவர் மற்ஸ் சண்டின் 2008இல் பிரிந்து போனபோது, அந்த சுவீடன்காரர் போய்ச் சேர்ந்தது மருமகனின் வன்கூவர் அணியில்தான். இதை அவருக்கு ஞாபகப்படுத்து. 2009 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சண்டின் வன்கூவர் சட்டையில் ரொறன்ரோவுக்கு விளையாட வந்தார். ஆட்டத்தின் நடுவில் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் பெனால்டி அடியில் எங்களைத் தோற்கடித்த கோலையும் அவரே போட்டார். அப்பா கதிரையை விட்டு எழுந்து, யாருமில்லாத வரவேற்பறையில் நின்றபடி கைதட்டினார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2013 மே 13 உனக்கும் நினைவிருக்கும். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த பிளே ஓஃப் என்ற கோப்பைச் சுற்று, பொஸ்ரனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் 4-1 என்று முன்னிலை. நீ கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். முதலில் ஒரு கோல் திரும்பியது. பிறகு பொஸ்ரன் தன் கோல் காப்பாளரையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கி, கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. அப்பா ஒன்றும் பேசாமல் குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேலதிக நேரத்தில் பொஸ்ரன் வென்று, தொலைக்காட்சியையும் நிறுத்தியபிறகுதான் திரும்பி வந்தார். இனிப் பார்க்க மாட்டேன் என்றார். அந்த ஒக்ரோபரில் முதல் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியைப் போட்டவள் நான். அவர் குசினியில் நின்று, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். இலக்கத்தைச் சொல்லவில்லை, கோல் எப்படி விழுந்தது என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே தேத்தண்ணீருடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு எத்தனை ஏழாவது ஆட்டங்களில் தோற்றோம் என்பதை உனக்குப் பட்டியல் போட மாட்டேன். ஓர் இரவை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அப்பாவுக்குத் துரோகம் செய்தேன். 2020 பெப்ரவரி 22, கரோலினா அணியின் இரண்டு கோல் காப்பாளர்களும் காயப்பட்டுவிட்டார்கள். இப்படியான நேரத்தில் இறக்குவதற்கென்று அரங்கில் ஒருவரை வைத்திருப்பார்கள். அன்று இருந்தவர் பனித்தளத்தைச் செப்பனிடும் வண்டி ஓட்டிய, 42 வயதான டேவிட் எயர்ஸ். பயிற்சிக்கு எங்கள் அணிக்கே பக் தடுத்துக் கொடுத்தவர். முதல் இரண்டு அடியும் கோலாகின. அதன்பின் வந்த எட்டு அடிகளையும் தடுத்தார், நாங்கள் 6-3 என்று தோற்றோம். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன். எயர்ஸின் உடம்பில் இருப்பது தாய் கொடுத்த சிறுநீரகம் என்று அடுத்த நாள் படித்தபோது அந்தச் சந்தோஷம் இரட்டிப்பானது. அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே.

2023 சித்திரையில் ஜோன் தவாரஸ் மேலதிக நேரத்தில் கோல் போட்டு, பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு தொடரை, முதல் சுற்றைத்தான், நாங்கள் வென்றபோது, அப்பா கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீரே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த சுற்றில் புளோரிடா ஐந்தே ஆட்டத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மருமகனின் முகத்தைச் சரிசெய்ய என்னிடம் மருந்து இல்லை. தோற்ற இரவில் அவரிடம் ஆறுதல் சொல்லப் போகாதே, அது எரிச்சலைத்தான் கூட்டும். எந்த இடத்தில் பிழை நடந்தது என்று கேள். அரை மணி நேரம் பேசுவார், ஆறின சோற்றையும் தின்பார். சாப்பாட்டு நேரத்தை ஆட்டத்துக்கு முன்னே வைத்துவிடு. இதை நான் கண்டுபிடிக்கப் பத்து வருடம் எடுத்தது.

இன்னொன்று. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்டம் முடிந்ததும், இங்கே இரவு பத்து மணிக்கு மேற்கிலிருந்து இரண்டாவது ஆட்டம் காட்டுவார்கள். உன் கல்யாணத்திலிருந்து, வன்கூவர் விளையாடினால் நான் அதையும் பார்க்கிறேன். அப்பா முதல் பகுதியிலேயே சோபாவில் நித்திரையாகிவிடுவார். எனக்கும் இந்த வயதில் மூன்றாவது பகுதிவரை கண் தாங்குவதில்லை. ஆகையால் வருகிற சனிக்கிழமை நீ மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார். உங்கள் ஊரில் ஒன்பது மணி போல இரண்டாவது இடைவேளை வரும். அப்போது எனக்குத் தொலைபேசி எடு, முழித்திருப்பேன். கோல் எந்தப் பக்கத்தால் விழுந்தது, காப்பாளருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு எடு.

அன்புடன்,
அம்மா