டெஸ்டிங்கில் போட்டுவிட்டார்கள் என்று வருந்தும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் அழாத குறையாகப் பேசினாய். டிசைனில் இடம் இல்லையாம், டெஸ்டிங்கில் போட்டுவிட்டார்களாம். கூடப் படித்தவர்களெல்லாம் டிசைன் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளும்போது நீ மட்டும் அடுத்தவர் செய்ததைச் சோதித்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். போனில் ஏதோ ஆறுதல் சொன்னேன். ஆனால் இது ஆறுதல் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தொழிலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று உனக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காமெட் விமானத்தின் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1952-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய முதல் ஜெட் விமானம் அது. 1954-ல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட்டுகள் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. வரைந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. ஏன் உடைந்தது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ஆய்வுக்கூட இன்ஜினியர்கள் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் அது ஒரு தடவை பறந்ததற்குச் சமம். இரவு பகலாக ஏற்றி ஏற்றி இறக்கினார்கள்.

ஏன் தண்ணீர் என்று யோசித்துப் பார். காற்றை அடைத்து அழுத்தியிருந்தால், தகடு கிழிகிற கணத்தில் அது குண்டு மாதிரி வெடித்து எல்லாவற்றையும் சிதறடித்திருக்கும். விரிசல் எங்கே பிறந்தது என்பதற்குத் தடயமே மிஞ்சியிருக்காது. தண்ணீர் அப்படி அமுங்கி விரிகிற பொருள் இல்லை. கிழிசல் கிழிந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த விமானம் ஏற்கனவே பறந்ததையும் தொட்டியில் பட்ட பாட்டையும் சேர்த்தால் சுமார் 3,000 பறத்தல்கள். அந்தக் கணக்கில், உடலில் இருந்த ஒரு திறப்பின் மூலையருகே தகடு கிழிந்தது. உலோகக் களைப்பு, அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியே உலோகம் மெல்ல விரிசல் விடுவது. புது விமானம் என்றால் முழு உடலையும் களைப்புச் சோதனைக்கு உட்படுத்தியே ஆக வேண்டும் என்பது அதன் பிறகுதான் ஊன்றியது.

அந்தத் தொட்டியை யோசித்தவர்கள் செய்தது டிசைன் இல்லையா? பொருளிடம் எப்படிக் கேட்டால் அது உண்மையைச் சொல்லும் என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. வரைகிறவருக்குத் தன் படம் வேலை செய்யும் என்ற நம்பிக்கை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவரால் வரையவே முடியாது. அந்த நம்பிக்கை இல்லாமல் அதே படத்தைப் பார்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும். அந்த நாற்காலியில்தான் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்தவரை பெரிய தவறுகள் ஒருவருடைய வேலைக்கும் அடுத்தவருடைய வேலைக்கும் நடுவில்தான் நுழைகின்றன. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கும் நடைபாலங்கள் கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். மாடிக்கு மாடி, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பாலங்கள். இரண்டையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் மாட்டுவதாகத்தான் முதலில் இருந்தது. அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போடுவது சிரமம் என்று செய்பவர்கள் ஒரு மாற்றம் கேட்டார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு வேறொரு கம்பி. படத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு கயிற்றை இருவர் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொள். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவருடைய காலைப் பிடித்துக்கொண்டால்? கயிற்றுக்கு அதே பாரம்தான். மேலே இருப்பவர் கைக்கு இரண்டு மடங்கு. அங்கே அந்தக் கை என்பது மேல் பாலத்தின் உத்தரத்துக்கு அடியில் இருந்த ஒரு நட்டு. மாற்றம் படத்தில் ஏறியது, ஒப்புதல் முத்திரையும் விழுந்தது. அந்த இணைப்புக்குக் கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை. வரைந்தவர், செய்தவர், பார்த்தவர் எல்லோரும் இருந்தார்கள். பார்க்க வேண்டியது அடுத்தவர் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள்.

அதனால், எந்தப் பிரிவில் இருந்தாலும் பக்கத்துப் பிரிவின் வாசலில் ஒரு காலை வைத்திரு. நான் மெயின்டனன்ஸில் இருந்தபோது ஒரு பம்பின் பேரிங், அதாவது சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம், மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. பேரிங் மட்டம் என்றார்கள், கிரீஸ் சரியில்லை என்றார்கள். நான் பம்பை நிறுத்தி, வெளியேறும் பைப்பைப் பம்போடு இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னேன். கடைசி போல்ட் விட்டதும் பைப் ஒரு விரல் கனத்துக்கு விலகி நின்றது. சேராத பைப்பை போல்ட் போட்டு இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இழுவை பம்பின் உடலைத் திருகி, ஷாஃப்ட்டின் நேர்கோட்டைக் கெடுத்து, பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. பைப்பைச் சரிசெய்து தாங்கல் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. படம் போட்டு டிசைனுக்கு அனுப்பினேன். அடுத்த வரிசையின் வரைபடத்தில் அந்தத் தாங்கல் இருந்தது. என் பெயர் அதில் இல்லை, ஆனால் அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மற்ற வேலைகளையும் கொஞ்சம் சொல்கிறேன். கமிஷனிங் என்பது கட்டி முடித்ததை முதல்முறை உயிர்ப்பிப்பது. நேரம் காலம் கிடையாது; ஆனால் ஒரு ஆலை மொத்தமாக எப்படி இயங்குகிறது என்று அதைவிட வேகமாக வேறெங்கும் கற்க முடியாது. சேல்ஸ் இன்ஜினியரை இளப்பமாக நினைக்காதே. வாங்குபவர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க நல்ல மூளை வேண்டும். தரநிலைகளை எழுதுகிறவர்கள், விபத்துகளை ஆராய்கிறவர்கள் என்று வெளியே தெரியாத வேலைகளும் இருக்கின்றன. உனக்கு எழுத்து நன்றாக வரும், பிற்காலத்தில் அந்தப் பக்கம் யோசி.

மேனேஜர் பதவிக்கு மட்டும் அவசரப்படாதே. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27, குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று ராக்கெட் மோட்டார் செய்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் மன்றாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் போய்ஸ்ஜோலி ஆறு மாதம் முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார். அவர்கள் பேச்சைத் தள்ளிவைத்த மேலாளர்களும் இன்ஜினியரிங் படித்தவர்கள்தான். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். மேலே போகிறவருக்குக் கீழே இருந்து வரும் கெட்ட செய்தியைப் பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும். அது கைகளில் எண்ணெய் பட்டு வேலை பார்த்தால்தான் வரும். தொழில்நுட்பத்திலேயே மேலே போகும் பாதையும் பல நிறுவனங்களில் உண்டு. சேரும்போதே அதைப் பற்றிக் கேட்டு வை.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு தயாரிப்பு வரைபடத்திலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை முழுசாக ஒரு சுற்றைப் பார். அதன் பிறகும் டிசைன்தான் வேண்டும் என்று தோன்றினால் வாய்விட்டுக் கேள். எது எப்படி உடையும் என்று தெரிந்த ஆளை டிசைன் குரூப் வேண்டாம் என்று சொல்லாது. சோதனையில் வந்த எண்ணை ரிப்போர்ட்டில் வந்தபடி எழுது. யார் முகம் சுளித்தாலும் ஃபெயில் என்றால் ஃபெயில் என்றே எழுது. பிற்பாடு முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தாலும் என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று புரிய வேண்டும்.

முதல் வாரத்தில் அங்கே பழைய டெக்னீஷியன் யார் என்று விசாரித்து அவரிடம் போய்ப் பேசு. இதுவரை எது எதெல்லாம் எப்படி உடைந்தது என்று கேள். அவர் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சொல்.

அன்புடன்,
அம்மா