கூடுவாஞ்சேரி மனையை விற்கும் முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கூடுவாஞ்சேரி மனையை விற்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய், அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் விசாரிப்பு கூடியிருப்பது உண்மைதான். ஆனால் வியாபாரம் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் மனை பிடித்து, பேரம் படிந்து, அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் பத்திரம் வக்கீலிடம் போகும். இப்போது சர்வே நம்பர் தெரிந்தால் போதும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை, அதாவது மனை மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு போனே வரும். ஓட்டை இருந்தால் போனும் வராது, காரணமும் தெரியாது. அதனால் விளம்பரத்துக்கு முன்னால் நீயே ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. உன் பத்திரத்தில் 112/2 என்று இருப்பது பிறகு உட்பிரிவாகி 112/2ஏ7 ஆகியிருக்கலாம். புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய பதிவுகள் வராது. பழையதில் மட்டும் தேடினால் சமீபத்தியது விட்டுப்போகும். இரண்டிலும் 30 வருடத்துக்குப் போடு. மனையை வைத்து எப்போதாவது கடன் வாங்கியிருந்தால், அடைத்தது மட்டும் போதாது. கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வில்லங்கத்தில் அந்த அடமானம் இன்னும் உயிரோடு நிற்கும்.

பட்டாவைப் பார்த்தாயா? பத்திரம் உன் பேரிலும், பட்டா இன்னும் லே-அவுட் போட்டவர் பேரிலும் இருப்பது அந்தப் பக்கம் சகஜம். உட்பிரிவு வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும். அதற்கு நாளாகும், இப்போதே மனு போடு. லே-அவுட் அங்கீகாரம் இல்லாததா என்பதையும் பார்த்துக்கொள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனை என்பதால் மறுவிற்பனைக்குத் தடை இருக்காது. ஆனால் வரன்முறை செய்யாவிட்டால், அதாவது அங்கீகாரமில்லாத மனையை அரசிடம் முறைப்படுத்தாவிட்டால், வாங்குகிறவருக்கு வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடைக்காது, வங்கியும் கடன் தராது. விலை அங்கேயே இறங்கிவிடும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு உனக்கு வேண்டாம். அது பெரிய அளவில் லே-அவுட் போட்டு விற்கிறவர்களுக்கு.

அடுத்தது கூகுள் மேப்பில் இடத்தைக் காட்டி அனுப்பும் குறி. இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். திறந்த வெளியில்கூட போன் 4, 5 மீட்டர் தள்ளிக் காட்டும். 15 அடி என்று வைத்துக்கொள். 30-க்கு 40 மனையில் அது பாதி அகலம்! நீ அந்தக் குறியை அனுப்ப, வந்தவர் பக்கத்து மனையில் நின்று வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். புலப்படத்தை (சர்வே நம்பருக்கான நில அளவை வரைபடம்) இறக்கி, ரோட்டு முனையிலிருந்து டேப் பிடித்து, நாலு மூலைக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து மனை நம்பரை எழுதி வை. கல் பிடுங்கப்பட்டிருந்தால் நீயாக நடாதே, நில அளவைக்கு மனு போடு. பக்கத்து மனைக்காரர் முன்னிலையில் அளந்தால்தான் பின்னால் தகராறு வராது.

மனை விற்கும் இணையதளங்களில் உன் போன் நம்பரைப் போட்டால் 'புரோக்கர் வேண்டாம்' என்று எழுதினாலும் பாதி அழைப்பு அவர்களுடையதுதான். பிறகு உன் மனை நாலு புரோக்கர் விளம்பரத்தில் நாலு ரேட்டில் ஓடும். வாங்குகிறவர் எதையும் நம்பமாட்டார். ஒரே ஆள், ஒரே ரேட், எழுத்தில். கமிஷன் 1 சதவீதமா 2-ஆ என்பதையும் அப்போதே பேசிவிடு.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதே. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் கை மாறினால் அதே அளவு அபராதம் வாங்கிய உன் தலையில்தான் விழும், கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம் வாங்குகிறவர் செலவு. அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் உன் விலையை அடிப்பார்.

பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான்கு எல்லையையும் புலப்படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்