மாயாவி உன் ஊர்க்காரர், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவி பளிச்சென்று தெரிகிறது என்று கூடுதலாக ஒரு சீரியல் பார்க்கிறார். பெரியவன் பிளஸ் டூ, வீடே அவன் டைம்டேபிள்படி நடக்கிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் முகமூடி வீரர் மாயாவி, இங்கிலீஷில் ஃபாண்டம், உன் ஊர்க்காரர்!

ராணி காமிக்ஸ் வருகிற நாளில் கடை திறக்குமுன்பே போய் நிற்போமே, யார் முதலில் படிப்பது என்று அட்டை கிழியச் சண்டை போடுவோமே, அதே மாயாவி. அவரைத் திரையில் முதன்முதலாக நடித்தவர் டாம் டைலர் என்றொரு நடிகர். அவர் வளர்ந்ததும் கடைசியில் வந்து கண்மூடியதும் டெட்ராய்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில். நீ மீன் வாங்க வங்காளதேசத்துக்காரர் கடையைத் தேடிப் போவதாகச் சொன்னாயே, அந்த ஹாம்ட்ராமிக்தான். இத்தனை வருஷமாக மாயாவி தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய், உனக்குத் தெரியவில்லை. நம் வாத்தியார் இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார்.

சின்னவனுக்கு ஜுரம் என்று வீட்டில் இருந்தபோது அவனுக்குக் காட்டலாம் என்று டைலர் நடித்த பழைய கேப்டன் மார்வெல் தொடர்ப்படத்தைப் போட்டேன். அவன் தூங்கிவிட்டான். நான் பன்னிரண்டு பாகத்தையும் பார்த்துத் தீர்த்தேன். அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நிஜப் பெயர் வின்சென்ட் மார்கோவ்ஸ்கி. லித்துவேனியாவிலிருந்து வந்த குடும்பம். 1903-இல் நியூயார்க் மாநிலத்தில் போர்ட் ஹென்றி என்ற ஊரில் பிறந்தார். பையனாக இருக்கும்போதே குடும்பம் ஹாம்ட்ராமிக்குக்குக் குடிவந்துவிட்டது. இருபது வயதைத் தாண்டியதும் சினிமாவைத் தேடி ஹாலிவுட் போனார். நல்ல உயரம், கடைந்தெடுத்த உடம்பு. 1925-இல் எஃப்பிஓ என்ற கம்பெனி அவரை எடுத்து, டாம் டைலர் என்று பெயர் வைத்துக் குதிரையில் ஏற்றியது. மௌனப்பட காலம். கூடவே ஃபிராங்கி டாரோ என்ற பொடியனும் ஒரு நாயும் நடிப்பார்கள். சின்னச் சின்ன ஊர்களில் பையன்கள் சில்லறை சேர்த்து வைத்துப் பார்க்கிற படங்கள் அவை. இதற்கு நடுவில் 1928-இல் அமெரிக்க அமெச்சூர் பளுதூக்கும் போட்டியில் ஹெவிவெயிட் சாம்பியன். நடிப்பதற்காக உடம்பை ஏற்றியவர் இல்லை மாப்ளே, நிஜமான பலசாலி.

பேசும்படம் வந்ததும் பல கௌபாய்கள் காணாமல் போனார்கள். இவர் தாக்குப்பிடித்தார். ஆனால் இவருக்குக் கிடைத்ததெல்லாம் குறைந்த செலவில், அவசர அவசரமாக எடுத்த படங்கள். பெரிய படங்களில் சின்ன வேஷம் கிடைக்கும். 1939-இல் வந்த ஸ்டேஜ்கோச் பார்த்திருப்பாய், ஜான் வெய்னைப் பெரிய ஆளாக்கிய படம். அதில் கடைசியில் சண்டைக்கு நிற்கிற வில்லன் லூக் பிளம்மர் இவர்தான். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பிறகு இவர் மட்டும் சாராயக்கடைக்குள் நடந்து வருவார். ஜெயித்துவிட்டார் போலிருக்கிறதே என்று நாம் நினைக்கும்போது அப்படியே சாய்ந்து விழுவார். ஒரு வசனம் கிடையாது. அந்த நடையில் இருக்கிற கெத்தை நீ பார்க்க வேண்டும்.

இப்போது கேப்டன் மார்வெல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ரிபப்ளிக் என்ற படக் கம்பெனி முதலில் சூப்பர்மேனைத்தான் எடுக்க நினைத்தது. உரிமை கிடைக்கவில்லை. அப்புறம் ஃபாசெட் என்ற காமிக்ஸ் கம்பெனியின் கேப்டன் மார்வெலைப் பிடித்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஷஸாம் என்கிறார்களே, அவரேதான். பில்லி என்ற பையன் அந்த மந்திரச் சொல்லைச் சொன்னதும் புகை, இடி, அந்த இடத்தில் டாம் டைலர் நிற்பார். 1941-இல் வெளிவந்தது. காமிக்ஸ் சூப்பர்ஹீரோ ஒருவர் ரத்தமும் சதையுமாகத் திரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சூப்பர்மேனே ஏழு வருஷம் கழித்து, 1948-இல்தான் வந்தார். இன்றைக்கு ஆயிரம் கோடிகளில் ஓடுகிற அத்தனை கேப் மாட்டிய படங்களுக்கும் முன்னால் நின்றவர் இவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கு ஆறவே இல்லை.

அதில் பறப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். லைடெக்கர் சகோதரர்கள் என்று இரண்டு பேர், காகிதக்கூழில் ஆளைவிடப் பெரிய பொம்மை ஒன்று செய்தார்கள். எடை மிகக் குறைவு. தோளிலும் காலிலும் கப்பி வைத்து, நீளமாகக் கட்டிய மெல்லிய கம்பிகளில் அதைச் சறுக்கவிட்டார்கள். நிஜ மலை, நிஜ வானம், நிஜ வெயில். மேலே எழும்ப வேண்டிய காட்சிக்குப் பொம்மையைப் பின்பக்கமாக இறங்கவிட்டுப் படம் பிடித்து, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். குதிப்பதும் பாய்வதும் டேவ் ஷார்ப் என்ற ஸ்டண்ட்காரர். ஒரு இடத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே எதிரே நிற்கிற இரண்டு பேரையும் காலால் உதைத்து விழத்தட்டுவார். நான் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். மோவாயைத் தூக்கிக்கொண்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு இறங்கி நிற்பது டைலர். முகத்தில் சிரிப்பே கிடையாது. இன்றைக்கு வருகிற ஹீரோக்கள் மாதிரி அடிக்கு ஒரு ஜோக் சொல்வதில்லை. சுடுகிறவர்கள் நடுங்குவார்கள், இவர் பாட்டுக்கு நடந்து வருவார். முதல் பாகத்தில் தப்பி ஓடுகிறவர்களையே மெஷின்கன்னால் சுடுகிறார். அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, ஹீரோ அப்படிச் செய்யக்கூடாது. மற்றபடி அந்தத் தோரணைக்கு இன்றுவரை ஜோடி இல்லை என்றுதான் சொல்வேன். நீ சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் பெயரை எடுப்பாய். எடு, நேரில் வரும்போது விடிய விடியப் பேசலாம்.

அதற்குப் பின் 1943-இல் கொலம்பியா கம்பெனி எடுத்த பதினைந்து பாகத் தொடர், நம் மாயாவி. அந்த இறுக்கமான உடையும் முகமூடியும் பொருந்தினாற்போல் வேறு யாருக்கும் பொருந்தாது. லீ ஃபால்க்கின் கதைக்கு வரைந்த படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரியே இருக்கிறார். மண்டையோட்டுச் சிம்மாசனம் உண்டு. மாயாவியின் ஓநாய் டெவில் உண்டு, ஏஸ் என்று புகழ்பெற்ற நாய் அதாக நடித்திருக்கிறது. காதலி டயானாவும் உண்டு, அந்த அட்டைப்படம் உனக்கு ஞாபகம் வந்திருக்கும், அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், தங்கச்சியும் படிப்பாள்.

அதுதான் அவர் கதாநாயகனாக நடித்த கடைசிப் படம்.

நாற்பது வயதுதான் மாப்ளே. அதை ஒட்டிய காலத்தில் மூட்டுவாதம் பிடித்தது. கடுமையான வகை. பளுதூக்கிய கை விரல்கள் மடங்கி இறுகின. குதிரை ஏற முடியவில்லை என்றால் கௌபாய்க்கு என்ன வேலை? கூட்டத்தில் ஒருவராக, இரண்டு வசனம் பேசுகிறவராக ஆனார். 1948-இல் ரெட் ரிவர், 1949-இல் ஜான் ஃபோர்டின் படத்தில் காயம்பட்ட சிப்பாய், அப்புறம் டிவியில் சின்னச் சின்ன வேஷம். அந்தக் காலப் புகைப்படத்தையும் கேப்டன் மார்வெலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, தோள் இறங்கி, ஏழெட்டு வருஷத்தில் இருபது வயது கூடின மாதிரி இருந்தார். இன்னொன்றும் இருக்கிறது, 1940-இல் மம்மி வேஷம் ஒன்று போட்டிருக்கிறார். உடம்பெல்லாம் துணி சுற்றி, ஒரு கை மடங்கி, காலை இழுத்து இழுத்து நடக்கிற வேஷம். குளோசப்பில் கண் இருக்கும் இடத்தை ஃபிலிமிலேயே கறுப்பாக்கியிருப்பார்கள். வேஷமாகப் போட்டது பின்னால் உடம்பில் வந்து உட்கார்ந்துகொண்டதே என்று அந்தக் காட்சியை நான் முழுசாகப் பார்க்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

கையில் காசும் இல்லாமல் ஹாம்ட்ராமிக்குக்கே திரும்பினார். அக்கா தங்கையில் ஒருவர் வீட்டில் இருந்தார். 1954 மே மாதம் இதயம் நின்றுபோனது. வயது ஐம்பது.

இப்போது அந்த இன்னொரு காரணம்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய மெயிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். காலையில் எழுந்தால் இரண்டு கை விரலும் மடங்க மறுக்கிறது, குளித்து ஆபீஸ் போகிறவரை அப்படியே இருக்கிறது, குளிர்தான் காரணம், மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன் என்று. கடைசியில் ஒரு சிரிப்பு பொம்மை வேறு. நானும் அதை அன்றைக்குப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். டைலரைப் படித்த பிறகு அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

மாப்ளே, சடுகுடுவில் உன் பிடியில் மாட்டினவன் கோட்டைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் உனக்கு இரும்புக்கை என்று பெயர் வைத்ததை நான் காதால் கேட்டவன். அந்தக் கைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் அது குளிர் இல்லை. நம் பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருந்தால் முடக்குவாதமா, அதாவது ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். தேய்மானம் வேறு, இது வேறு. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. வலி மாத்திரை வலியைத்தான் அமுக்கும், உள்ளே அரிப்பது நிற்காது. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்று இரண்டு சோதனை. அவை சரியாக இருந்தாலும் மூட்டுவாத நிபுணர் ஒருவர் விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். சீக்கிரம் ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டுக் கோணிவிட்டால் திருப்ப முடியாது என்று அழுத்திச் சொன்னார்.

டைலருக்கு வந்ததும் இதே முடக்குவாதம்தான், ஆனால் அவருக்கு இந்த வழியெல்லாம் கிடையாது. கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இந்த நோய்க்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்ததே 1948-இல், மேயோ கிளினிக்கில். அதற்குள் அவருக்கு நோய் முற்றிவிட்டது. இன்றைக்குப் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மருந்துக்கு இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அனுமதி வந்தது 1988-இல். அவர் போய் முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம். அவர் தவித்தார், வழி இல்லை. உனக்கு வீட்டிலிருந்து கார் எடுத்தால் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள், ஆபீஸ் கொடுக்கிற இன்சூரன்ஸ். ப்ராஜெக்ட் டெட்லைன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றெல்லாம் எனக்கு எழுதாதே. கோபம்தான் வரும். நீயும் நானும் அடுத்த வருஷம் ஐம்பது.

தங்கச்சிக்குத் தனியாக மெசேஜ் போட்டுவிட்டேன். பயமுறுத்தவில்லை, காலையில் அவன் விரலைப் பார் என்று மட்டும் சொன்னேன். பயந்தவள் நான்தான் அண்ணா, சொன்னால் கேட்பதில்லை என்று பதில் போட்டிருக்கிறாள்.

அப்புறம் ஒரு வேலை. டைலரை அடக்கம் செய்திருப்பது டெட்ராய்ட் மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில். உன் மீன் கடையிலிருந்து கொஞ்ச தூரம்தான். மார்கோவ்ஸ்கி என்றும் கேட்டுப் பார், ஆபீசில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். பூ வாங்கிக்கொண்டு போ. என் பெயரையும் சேர்த்து வை. பிள்ளைகளையும் கூட்டிப்போய் இவர் யார் என்று சொல். அவர்கள் டீஷர்ட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் இவர்தான் மூத்தவர்.

ஆனால் முதலில் டாக்டர். தேதி வாங்கியதும் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுது. அங்கே காத்திருக்கும்போது போன் பண்ணு, இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்