2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தலைசிறந்த ஆண் குரல் யாருடையது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடிப் பாட்டுக் கேட்பது என்ற நம் வழக்கம், சித்திரைத் திருவிழா மாதம் தவிர, இந்த ஆண்டும் தவறவில்லை. புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஜூலைக் கூட்டத்துக்கு முன்பணம் வாங்கிய மைக் செட்காரர் கடைசி நேரத்தில் வராமல் போனதும், அந்தப் பணம் இன்னும் திரும்பி வராததும் உங்களுக்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டு தொடங்கியதே துக்கச் செய்தியோடுதான். ஜனவரி 9 அன்று பாடகர் பி. ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார். அந்த மாதக் கூட்டத்தில் வேறு எதுவும் பேசவில்லை. ‘ராசாத்தி உன்ன’ ஒலித்து முடிந்த பிறகு யாரும் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கீழவாசலில் இருந்து வரும் நம் எலெக்ட்ரீஷியன் தம்பி கேட்டார்: “இவ்வளவு நல்ல குரல்ணே. ஆனா முதல் வரிசைன்னு சொல்லும்போது இவர் பேரை யாரும் சொல்றதில்லையே. அந்த வரிசையை யார் போட்டது?”

அந்தக் கேள்விதான் நம் ஆண்டைப் பிடித்துக்கொண்டது. டி.எம். சௌந்தரராஜன் (டி.எம்.எஸ்), எஸ்.பி. பாலசுப்ரமணியம் (எஸ்.பி.பி), ஜேசுதாஸ், பி.பி. ஸ்ரீநிவாஸ் (பி.பி.எஸ்) என்ற நால்வரில், தமிழ்த் திரையிசையின் தலைசிறந்த ஆண் குரல் யாருடையது என்று ஒரு பட்டிமன்றம் வைப்பதாக முடிவெடுத்தோம். ஒரே நாளில் முடிப்பதாகத்தான் திட்டம். மூன்று கூட்டங்கள் ஆயின.

முதல் கூட்டம் விருதுக் கணக்கிலேயே போய்விட்டது. ஜேசுதாஸ் அணியினர் எட்டு தேசிய விருதுகளைச் சொன்னார்கள். எஸ்.பி.பி அணியினர், ஆறு விருதுதான் என்றாலும் அவை தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தவை என்றார்கள். டி.எம்.எஸ் அணி கொஞ்சம் திணறியது. அவருக்கு 2003-ல் பத்மஸ்ரீ வந்தது, சிறந்த பாடகருக்கான தேசிய விருது ஒருமுறைகூட வரவில்லை. பி.பி. ஸ்ரீநிவாசுக்கும் அப்படித்தான். அப்போது நம் வங்கி ஊழியர் அக்கா எழுந்து, அந்த விருதே 1967-ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் தொடங்கியது என்பதை நினைவுபடுத்தினார். பி.பி.எஸ்-ஸின் ‘காலங்களில் அவள் வசந்தம்’ வந்தது 1961. டி.எம்.எஸ்-ஸின் ‘பாட்டும் நானே’ வந்தது 1965. அந்த வருடங்களை எந்த விருதைக் கொண்டு அளப்பது? நடுவர் விருதுப் பேச்சை அத்தோடு நிறுத்தச் சொன்னார். சரியான தீர்ப்பு.

எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சேர்க்காதது தவறு என்று பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது என்று அவர் சொல்லும்போது குரல் நடுங்கியது. பாகவதர் தானே நடித்துத் தானே பாடியவர், அவரைப் பின்னணிப் பாடகர்களோடு ஒரே தராசில் வைக்க முடியாது என்று நடுவர் விளக்கினார். பாகவதருக்காகத் தனி மாலை ஒன்று வைக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கூட்டத்தைத்தான் இந்த ஆண்டின் சிறப்பு என்று நான் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆளுக்கொரு சிறந்த பாட்டைப் போட்டுச் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, இரண்டு ஆண் குரல்கள் சேர்ந்து பாடிய பாட்டுகளை மட்டும் கேட்போம் என்று தலைவர் யோசனை சொன்னார். அதே மெட்டு, அதே வாத்தியம், அதே ஒலிப்பதிவு. குரல் மட்டும்தான் வேறு.

முதலில் 1962-ல் வந்த ‘படித்தால் மட்டும் போதுமா’ படத்தின் ‘பொன்னொன்று கண்டேன்’. சிவாஜிக்கு டி.எம்.எஸ், பாலாஜிக்கு பி.பி.எஸ். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டு. அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். டி.எம்.எஸ் தன் வழக்கமான முழக்கத்தை அதில் வைக்கவே இல்லை. பி.பி.எஸ்-ஸின் பஞ்சு போன்ற குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தன் குரலை இறக்கிக்கொள்கிறார். பி.பி.எஸ்-ஸோ கொஞ்சமும் எட்டிப் பிடிக்க முயலாமல், தன் இடத்திலேயே நின்று பாடுகிறார். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. மூன்று முறை போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஹாலில் மின்விசிறிச் சத்தம்கூடத் தொந்தரவாக இருந்தது, அணைக்கச் சொல்லிவிட்டோம். இந்த இருவரும் 2013-ல், ஏப்ரல் 14, மே 25 என்று ஆறே வார இடைவெளியில் மறைந்தவர்கள் என்பது அப்போது பலருக்கும் நினைவுக்கு வந்திருக்கும்.

அடுத்தது 1964-ல் வந்த ‘கர்ணன்’. ‘மழை கொடுக்கும் கொடையும்’ என்று அரசவையில் புகழ்ந்து பாடும் இடம். சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், டி.எம்.எஸ், பி.பி.எஸ் என்று நான்கு பேர். பிறகு 1991-ன் ‘தளபதி’யில் ‘காட்டுக்குயிலு’. ரஜினிக்கு எஸ்.பி.பி, மம்முட்டிக்கு ஜேசுதாஸ். எஸ்.பி.பி சிரித்துக்கொண்டே பாடுவது காதில் விழுகிறது. ஜேசுதாஸ் அந்தத் துள்ளலுக்குள் வரும்போதும் அவர் குரலின் கனம் குறையவில்லை. நம் கல்லூரி மாணவர்கள் எழுந்து ஆடியதைப் பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை, நன்றி.

மூன்றாவது கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒரு சோதனை வைத்தார். எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள். பாட்டின் ஒரு சரணத்தை ஒரே முறை போடுவார், கேட்டதை எழுத வேண்டும். பட்டிமன்றத்தின் நால்வர் பாட்டிலும் ஒவ்வொன்று போட்டார். அநேகமாக எல்லாருமே பிழையில்லாமல் எழுதினோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் ழகரம், றகரம் சரியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். கடைசியாக அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு’வை டி.எம்.எஸ் குரலில் போட்டபோது, எழுதும் கை பின்தங்கியதே தவிர, ஒரு எழுத்துகூட மங்கலாகக் கேட்கவில்லை.

அப்புறம் ஐயா கேட்டார்: “இந்த நாலு பேர் வீட்டில் என்ன பாஷை பேசினார்கள்?”

யோசித்துப் பாருங்கள். ஜேசுதாசுக்கு மலையாளம். எஸ்.பி.பி-க்கும் பி.பி.எஸ்-ஸுக்கும் தெலுங்கு. நம் மதுரை மண்ணில் 1922-ல் பிறந்த டி.எம்.எஸ்-க்குச் சௌராஷ்டிரம். நால்வரும் தமிழைப் படிப்படியாகத் தங்கள் நாக்கில் ஏற்றிக்கொண்டவர்கள். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் முதலில் எஸ்.பி.பி-யின் குரலைக் கேட்டுவிட்டு, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னதை எஸ்.பி.பி-யே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு 1969-ல் ‘ஆயிரம் நிலவே வா’ பாடியபோது அந்தக் குறையை யாரால் சொல்ல முடிந்தது? வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நம் மூத்த உறுப்பினர், சுங்குடிச் சேலை வியாபாரி, இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2023-ல் முனிச்சாலையில் டி.எம்.எஸ் சிலை திறந்த அன்று வந்த அழுகைதான் இதுவும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

கை தூக்கச் சொல்லி எண்ணினோம். எஸ்.பி.பி முதல், இரண்டே கை குறைவாக டி.எம்.எஸ், அடுத்து ஜேசுதாஸ், பிறகு பி.பி.எஸ். மதுரையிலேயே இப்படி ஒரு முடிவு வந்ததில் சிலருக்கு வருத்தம். முறையாக எண்ணி, நடுவர் அறிவித்த முடிவு. சங்கத்தின் முடிவாக அதுவே பதிவாகிறது.

செயலாளர் என்ற முறையில் என் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்யத் தலைவர் அனுமதித்திருக்கிறார். என் கை டி.எம்.எஸ்-க்குத்தான் உயர்ந்தது. ஊர்ப்பாசம் என்று சிலர் சொன்னார்கள். 1954 என்ற ஒரே வருடத்தைப் பாருங்கள். ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பாடுகிறார். அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல், திரையைப் பார்க்காமல் வானொலியில் கேட்டே இது சிவாஜி பாட்டு, இது எம்.ஜி.ஆர் பாட்டு என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து எழும் குரல். எம்.ஜி.ஆருக்குத் தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் தங்கி வரும் குரல். ஒரு மனிதர் இரண்டு பேரின் உடம்புக்குள் புகுந்து பாடியிருக்கிறார். நம் மேடையில் நன்றாகப் பாடுகிறவர்கள்கூட அவர் பாட்டு என்றால் ஸ்ருதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை மாதாமாதம் பார்க்கிறோம். எஸ்.பி.பி-யின் இனிமைக்கு நான் எதிரி இல்லை. அவர் மறைந்த 2020 செப்டம்பர் 25 அன்று என் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன், ஏ.எம். ராஜா மூவரும் எந்தப் பட்டியலிலும் வராமல் போனது எனக்கு உறுத்தல்தான். எலெக்ட்ரீஷியன் தம்பியின் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் வரும் ஆண்டின் முதல் மூன்று கூட்டங்களும் இந்த மூவருக்கு. பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்தத் தம்பியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். பாகவதர் மாலைக்கு, பழைய இசைத்தட்டுகள் வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவியுங்கள். கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

ஹாலை வாடகை கேட்காமல் தந்துவரும் உரிமையாளருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டல் செய்து கொண்டுவரும் அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்