சேஞ்ச்அப் போடு, தம்பி

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை உன் பேஸ்பால் ஆட்டத்தை நானும் அம்மாவும் லேப்டாப்பில் பார்த்தோம். பந்தின் வேகத்தை அளக்கும் கன் 93 மைல் காட்டியதும் அம்மா சின்ன மாமாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள். அவருக்கு 93 என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் அந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். எனக்கும் பெருமைதான். ஆனால் அதே கைவீச்சில் மெதுவாக வருமே, அந்தச் சேஞ்ச்அப் ஒன்றுகூட நீ போடவில்லை. அதற்கு முந்தின ஆட்டத்திலும் போடவில்லை. முழு வேகத்தில் ஃபாஸ்ட்பால், பக்கவாட்டில் திரும்பும் ஸ்லைடர், மறுபடியும் ஸ்லைடர். ஏன்?

அந்த இடது கை பேட்டர் ரைட் ஃபீல்டு வேலிக்கு மேலே அடித்தானே, அது ஸ்லைடர். வலது கையால் நீ போடும் ஸ்லைடர் அவன் பக்கம் திரும்பி வருகிற பந்து, அவனுக்கு விருந்து. சேஞ்ச்அப் என்றால் அவனை விட்டு விலகி, கீழே இறங்கிப் போயிருக்கும். இரண்டு ஸ்ட்ரைக் இருந்தது, இன்னொன்று விழுந்தால் அவன் அவுட். கேட்சரும் சேஞ்ச்அப் போடச் சொல்லி விரலைக் காட்டினான். நீதான் தலையாட்டி மறுத்தாய்.

கை வேகத்தைக் குறைக்காதே. முன்பு நீ போட்ட சேஞ்ச்அப்களில் கை முன்னால் வரும்போது தயங்கியது. பேட்டர் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் கையைத்தான் பார்க்கிறான். நீ பந்து போடும் மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். 90 மைல் வேகப் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். அதற்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதே கைவீச்சில் 82, 83-இல் ஒரு பந்து வந்தால் அவன் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். கிரிக்கெட்டில் பிராவோ சேப்பாக்கத்தில் செய்த வேலையும் இதுதான், நாம் சேர்ந்து பார்த்ததுதானே.

வேகத்தைக் குறைப்பது பிடியின் வேலை, கையின் வேலை இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வளையம் போடட்டும். மேலே நடுவிரலும் மோதிர விரலும் இருக்கட்டும். பந்து உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் ஆழமாக உட்காரட்டும், ஆனால் இறுக்கிப் பிடிக்காதே. மணிக்கட்டை முறுக்க வேண்டாம், பந்தை விடும்போது கை தானாக வெளிப்பக்கம் திரும்பும். மனதில் ஃபாஸ்ட்பால் என்றே நினைத்துக்கொள். ஒஹையோ குளிரில் விரல் மரத்துப்போகும், தெரியும். அதற்காக விட்டுவிடாதே. தினமும் வார்ம்அப்பில் கேட்ச் பிடிக்கும்போதே அந்தப் பிடியில் போட்டுப் பழகு. முட்டி உயரத்துக்கு மேலே மட்டும் விடாதே. அப்புறம் கை வேகம், அதை மறக்காதே.

பந்து போடும் பிட்சர் ஜோஹான் சாந்தானாவை 2002-இல் மின்னசோட்டா அணி இதற்காகவே கீழ்மட்ட மைனர் லீக்குக்கு, எட்மன்டனுக்கு அனுப்பியது. அங்கே பாபி குயேயார் என்ற பயிற்சியாளர், ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சேஞ்ச்அப்பாவது போட்டே ஆகவேண்டும் என்று வைத்தார். 2004-இலும் 2006-இலும் சாந்தானாவுக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ட்ரெவர் ஹாஃப்மன் தோளில் அடிபட்டு வேகத்தை இழந்தவர், சேஞ்ச்அப்பை வைத்துத்தான் 601 சேவ் வரை, அதாவது கடைசியில் வந்து 601 வெற்றிகளைக் காப்பாற்றும் வரை போனார். வேகம் எவ்வளவு என்று, பெரிய அணிகளுக்கு ஆள் தேடி வரும் ஸ்கவுட்கள் எழுதிக்கொண்டு போகட்டும், தம்பி. அவர்களுக்காக நீ ஒவ்வொரு பந்திலும் கையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. அலபாமாவில் கல்லூரி பிட்சர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2006-இல் வந்தது. ஃபாஸ்ட்பால், ஸ்லைடர், வளைந்து விழும் கர்வ், சேஞ்ச்அப் நான்கிலும் முழங்கைக்கும் தோளுக்கும் மிகக் குறைந்த பாரம் சேஞ்ச்அப்பில்தான்.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்து வரும்போது கையை உதறினாய். ஐந்தாவதில் மவுண்டுக்குப் பின்னால் போய் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்தாய். கேமரா தூரத்தில் இருந்தது, ஆனாலும் தெரிந்தது. அம்மாவும் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "ஃபைன்பா" என்று ஒரே வார்த்தை, உடனே வைத்துவிட்டாய். நீ எப்போதும் இப்படித்தான். எட்டாம் வகுப்பில் கால்விரல் உடைந்ததைக்கூட ஷூ போட்டு மறைத்தவன்தானே. உன் ரூம்மேட் போன வருஷம் முழுக்கக் கட்டோடும் பயிற்சியோடும் பட்ட பாட்டை நீ பக்கத்திலிருந்து பார்த்தாய். அவனும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வலி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் இருந்தால் ரொம்ப நல்லது. இருந்தாலும் காயம் பார்க்கும் டிரெய்னரிடம் போய் ஒருமுறை காட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முன்னாலேயே. இன்ஷூரன்ஸ், செலவு, ஸ்காலர்ஷிப், எதையும் நீ யோசிக்காதே, அது என் பாடு. ஒரு சீசன் உட்கார வேண்டி வந்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்.

பருப்புப் பொடியும் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரும் பார்சலில் வருகிறது. டிரெய்னர் என்ன சொன்னார் என்று எனக்கு மெசேஜ் போடு. அம்மா நம்பருக்கு வேண்டாம், முதலில் எனக்கு.

அன்புடன்,
அப்பா