ஏறாத பினியனும் எடுத்த சுத்தியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட் எஞ்சினை இறக்கிக் கட்டுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவன் என்பதால் இப்படிப்பட்ட கட்டுரைகள் கண்ணில் பட்டால் விடுவதில்லை. எழுதியவர் பலவற்றைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், கிராங்க் ஷாஃப்டின் முனையில், வால்வுகளை இயக்கும் கேம் சக்கரத்தைச் சுழற்றுகிற சிறு பல்சக்கரமான டைமிங் பினியன் இறங்க மறுத்தால் 'சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்' என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை நம்பி யாராவது சுத்தியலை எடுத்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகனுடைய 1972-ஆம் ஆண்டு புல்லட் இப்படித்தான் ஒரு பட்டறையில் 'தட்டு' வாங்கியது. பினியன் பாதி தூரம் போய் நின்றுவிட்டது, தட்டினார்கள். நகரவில்லை, இன்னும் ஓங்கித் தட்டினார்கள். கடைசியில் 'பினியன் சரியில்லை, வேறு வாங்கி வாருங்கள்' என்று கையை விரித்துவிட்டார்கள். அண்ணன் புதுப்பேட்டையில் அலைந்து வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அதே இடத்தில் நின்றது. அதன் பிறகுதான், எஞ்சின் ஒரு சாக்கில் கட்டப்பட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு பினியன்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால் குற்றம் பினியனில் இல்லை என்று ஊகிக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை. ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்து பினியனை அதனோடு பூட்டும் சிறு எஃகுத் துண்டான அரைநிலாக் கீயைக் கழற்றி வைத்துவிட்டு, பினியனை மட்டும் சூடாக்கி ஏற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் அடிவரை போயிற்று. புல்லர் என்னும் இழுப்புக் கருவியால் கழற்றி, கீயை மறுபடி வைத்து ஏற்றினேன். பழைய இடத்திலேயே நின்றது. கீயின் முதுகில், உரசும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கிங் நீலத்தை மெல்லியதாகத் தடவி மீண்டும் பார்த்தபோது, பினியனில் கீ நுழையும் பள்ளமான கீவேயின் கூரையில் நீலக்கறை ஒட்டியிருந்தது. அரைநிலாக் கீ தன் இரண்டு பக்கங்களால்தான் பிடிக்க வேண்டும், முதுகுக்கு மேலே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இந்தக் கீயோ முதுகு உயர்ந்து, பினியன் நெருக்கும்போது பின்பக்கமாகச் சாய்ந்து ஆப்புப் போல் குறுக்கே நின்றிருக்கிறது. ஆப்பின் மேல் அடித்தால் இறுகுமே தவிர இறங்காது. கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, கீயின் முதுகைப் பத்து நிமிடம் தேய்த்தேன். அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஏற்கெனவே விழுந்த அடிகளின் கணக்கு தனி. புல்லட்டின் கிராங்க் ஒரே இரும்பில் செய்த பொருளன்று. இரண்டு ஃப்ளைவீல்களை ஒரு கிராங்க் பின் இணைத்திருக்கிறது. ஷாஃப்ட் முனையில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. பேரிங் வழியாகவும் கிராங்க் பின் வழியாகவும் மறுபக்கம் வரை போகிறது. எஞ்சின் கேஸை மறுபடி பிரித்து, கிராங்க் செட்டை இரண்டு முனைகளுக்கு நடுவே சுழற்றி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது, முள் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. அப்படியே மூடி ஓட்டியிருந்தால் புதுப் பேரிங்குகள் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பினியனைப் பிடித்து வைக்கும் நட்டுக்கான மரையின் முதல் சுற்று நசுங்கிப் போயிருந்தது. அந்த நட்டு வெறும் நட்டு அன்று; ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் என்கிற திருகுப் பல்லும் அதுவேதான், அதன் மரை இடது மரை. தங்கள் கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டதும் ஒரு குறைதான். தெரியாதவர் வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் இன்னும் இறுக்கிக்கொண்டே போவார், கடைசியில் மரை போகும். நசுங்கிய இடது மரையைச் சீராக்க எங்கள் வட்டாரத்துப் பட்டறைகளில் மரை வெட்டும் பொருத்தமான டை கிடைக்கவில்லை. இந்த வண்டியின் வடிவமைப்பு இங்கிலாந்தின் ரெடிச் நகரத்திலிருந்து வந்தது. 1955-இல் ரெடிச் கம்பெனிக்கு மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு ஏற்பட்டு, பிறகு திருவொற்றியூரில் தயாரிப்புத் தொடங்கியபோது, அங்குலக் கணக்குப் பிரிட்டிஷ் மரைகளும் கூடவே வந்தன. முக்கோண அரத்தின் விளிம்பால் ஒவ்வொரு வரியாக எடுத்து, நட்டைக் கையால் திருகிப் பார்த்துப் பார்த்து, ஒரு மாலை முழுவதும் போயிற்று.

இனி ஏற்றும் முறை. டைமிங் பினியன் ஷாஃப்டில் இறுக்கமாகத்தான் உட்கார வேண்டும், தளர்வாகப் போனால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் மைக்ரோமீட்டரால் ஷாஃப்டையும் துளையையும் அளந்து, இறுக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.0115 மில்லிமீட்டர் விரியும். 20 மில்லிமீட்டர் துளையுள்ள பினியனை 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை 0.02 மில்லிமீட்டர் அகலும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் சரியாகக் கடைந்த பினியனுக்கு அதுவே போதும். ஷாஃப்ட் முனையில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் இன்னும் கொஞ்சம் வழிவிடும். வியர்க்கும் ஈரத்தை மட்டும் துடைத்துவிட வேண்டும். இறுக்கம் 0.05-ஐத் தொட்டால், இந்த அளவுச் சூடு உதவாது. துளையையே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அதைச் சுத்தியல் செய்துவிடாது.

சூடாக்குவதற்கு கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பினியனின் பற்கள் மேற்பரப்பில் கடினமாக்கப்பட்டவை. தீ ஒரு பக்கம் படும்போது பல் முதலில் வைக்கோல் நிறத்துக்கும் பிறகு நீலத்துக்கும் மாறினால், கடினம் அங்கேயே போயிற்று என்று பொருள். கடலையை மணலில் வறுப்பதுபோல் சுற்றிலும் ஒரே சூடு பட வேண்டும். மணலிலேயே வைத்துச் சூடாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் மணலைக் கொண்டுபோகிற யோசனையை நான் ஏற்கமாட்டேன். பழைய வாணலியில் எஞ்சின் ஆயில் ஊற்றி, பினியன் அடியில் படாதபடி கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து, சிறு தீயில் பொறுமையாக 120 வரை ஏற்றுவதுதான் என் பழக்கம். புகை வந்தால் தீ அதிகம். வீட்டு வாணலியை எடுத்தால் வேறு வகைச் சூடும் வரும், அது அனுபவம்.

சூடான பினியனைக் கையில் எடுத்த பிறகு யோசிக்க நேரமில்லை. குளிர்ந்த ஷாஃப்ட் சூட்டை நொடிகளில் உறிஞ்சிவிடும். நடுவழியில் நின்றால் புல்லரைத்தான் தேட வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒருமுறை குளிர்ந்த நிலையிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வேன். டைமிங் புள்ளி உள்ள முகம் வெளியே இருக்க வேண்டும், கீயும் கீவேயும் நேராக வர வேண்டும். ஷாஃப்ட் முனை உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். பினியன் அடியில் உட்கார்ந்ததும், அந்தக் குழாயால் அழுத்தி, அது குளிரும் வரை பிடித்திருக்க வேண்டும். விட்டால் மயிரிழை பின்னால் வந்து நிற்கும்.

அண்ணனின் பினியன் அன்று ஒரே மூச்சில், 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு, அடியில் உட்கார்ந்தது. அதன் புள்ளியைக் கேம் சக்கரத்தின் புள்ளியோடு சேர்த்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே வார்ம் நட்டை இடப்புறமாக இறுக்கினேன்.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக அறிவித்திருக்கிறார். அதில் அந்த ஒரு வரியைத் திருத்தி, இடது மரையைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் பினியனில் குற்றமே இருக்கவில்லை. சுத்தியல் தழும்போடு அது என் மேசையில் கிடக்கிறது. படம் எடுக்க வேண்டுமென்றால் கட்டுரையாளருக்குத் தரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.