பேர்ணாம்பட்டு அம்மாவுக்கு ஃப்ளோ டைவர்ட்டர்: செல்வத்துக்கு

வேலூர்

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? குடியாத்தத்திலும் வெயில் இப்படித்தான் காய்கிறதா?

பேர்ணாம்பட்டு அம்மாவின் படங்களைப் பார்த்தேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இன்டர்னல் கரோட்டிட் குழாயில், கண்ணுக்குப் போகும் கிளைக்குப் பக்கத்தில் 14 மி.மீ. அனியூரிசம் (குழாய்ச் சுவர் பைபோல் வீங்கியது), குழாயோடு அது சேரும் கழுத்து 6 மி.மீ. இவ்வளவு அகன்ற கழுத்தில் காயிலை (மெல்லிய உலோகச் சுருளை) மட்டும் பைக்குள் திணித்தால் குழாய்க்குள் பிதுங்கும். நின்றாலும் நாளாக அமுங்கி, மறுபடி ரத்தம் புகும். ரத்த ஓட்டத்தைப் பையிலிருந்து திருப்பிவிடும் வலைக்குழாயான ஃப்ளோ டைவர்ட்டர்தான் சரி. அதில் பைப்லைன் என்ற வகை என்றால் 48 இழை பின்னிய வலை; குழாய்ச் சுவரில் 30–35 சதவீதத்தை உலோகம் மூடும். பைக்குள் ரத்தம் தேங்கி உறையும், வலைமேல் உள்தோல் படர்ந்து வாய் அடையும். கண் கிளையின் வாயை வலை மறைத்தாலும் பெரும்பாலும் அடைபடாது. கிளை இழுக்கும் ரத்தமே வழியைத் திறந்து வைக்கும்.

ஆனால் உடனே மூடாது. பைப்லைனைச் சோதித்த பஃப்ஸ் (PUFS) ஆய்வில் முழுதாக மூடிய பைகள் 6 மாதத்தில் 73.6 சதவீதம், ஒரு வருடத்தில் 86.8, ஐந்து வருடத்தில் 95.2. டிஸ்சார்ஜ் அன்று பை திறந்தே இருக்கும் என்று வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடு.

வைக்கும்போது சிக்கல் வளைவில்தான். இழுத்தே விரித்தால் இழைகள் விலகும், வலை சுவரை விட்டு எழும்பி நிற்கும். அந்த இடுக்கில்தான் ரத்தக்கட்டி பிடிக்கும். வலையைத் தள்ளுவதும் அதை மூடியிருக்கும் உறையை விலக்குவதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒட்டாத இடத்தைப் பலூன் ஊதி ஒட்டவைக்கலாம்.

மாத்திரை உன் பொறுப்பு, செல்வம். வலை நன்றாக உட்கார்ந்தாலும் இதில் தவறினால் எல்லாம் போச்சு. ரத்தக்கட்டி பிடிக்காமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெல் 75 மி.கி.யும் 5–7 நாள் முன்பே தொடங்கு. க்ளோபிடோக்ரெலை வேலை செய்யவைக்கும் ஈரல் என்சைம் நம் மக்களில் பலருக்கு மந்தம். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும் பிளேட்லெட் பரிசோதனை பார்க்காமல் கேஸை எடுக்கமாட்டேன். வேலை செய்யவில்லையென்றால் டிகாக்ரலார் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றலாம். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் எழுதாதே, அதே என்சைமைத் தடுக்கும், பான்டோபிரசோல் கொடு.

வலை வைத்த பிறகு குறைந்தது 6 மாதம் இரண்டு மாத்திரையும் ஓட வேண்டும். பல் பிடுங்க யாராவது நிறுத்தச் சொன்னால் முதலில் என்னிடம் பேசச் சொல். அட்டை தீரும் முன்பே அடுத்தது வீட்டில் இருக்கட்டும். புதிதாகக் கடுந்தலைவலி வந்தால் வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதே, உடனே சி.டி. எடு, பை தாமதமாக வெடிப்பதும் அதே பக்க மூளையில் ரத்தம் கசிவதும் அப்படித்தான் தொடங்கும்.

அந்த அம்மா சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ராஜா